உடைக்கும் முன் ஒரு பத்து நிமிஷம்!



'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். யானைக்கு அது சரி. வண்டிக்கு அப்படி இல்லை. ஓடுகிற வரைக்கும்தான் அது வண்டி. நின்றுபோன மறுநாளே அது கிலோ கணக்கு. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறேன்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, 'நாளைய இந்தியா இளைஞர் கையில்' என்ற மாதிரி ஏதாவது எழுதேன்டா என்றார்கள் நண்பர்கள். அதை எழுத நம்மிடம் நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பழைய இரும்பு. அதைப் பற்றியே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயலான் கடையில் ஒரு பாடம்

எங்கள் வீடு வேங்கிக்கால் ஏரிப் பக்கம். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஒரு காயலான் கடையில் வண்டி உடைக்கிற வேலை செய்கிறார். சம்மட்டி, உளி, கேஸ் கட்டர், இதுதான் அவருடைய பேனா பென்சில். அந்தக் கூலியில்தான் என் ஃபீஸும் இந்தக் காக்கி யூனிபாரமும் வந்தன. அதனால் காயலான் கடையைக் கேவலமாக எழுத மாட்டேன்.

முதலாம் ஆண்டு முடிந்த லீவில் நானும் அப்பாவோடு கடைக்குப் போனேன். ஒரு நாள் ஒரு பழைய ஜீப் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து இறங்கியது. தரைத் தகடு முழுக்க மக்கிப்போய் இருந்தது. எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் கிடந்ததோ! கடையில் ஒரு முறை உண்டு. முதலில் பித்தளை, செம்பு, அலுமினியம் தனியாகக் கழட்ட வேண்டும். பிறகுதான் இரும்பு. "தம்பி, டேஷ்போர்டுல இருக்கிற பித்தளைத் தகட்டை எடுத்துடு" என்றார் முதலாளி. நான் உளி வைத்துத் தட்டிப் பெயர்த்துப் பித்தளை மூட்டையில் போட்டேன். அதில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கவில்லை. மத்தியானத்துக்குள் சேஸிஸ் நாலு துண்டு.

பதினைந்து நாள் கழித்து, கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு ரிடையர்டு ராணுவக்காரர் வந்தார். பழைய ஜீப் ஒன்றைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறாராம். இந்தப் பக்கம் ஒரு ஜீப் வந்ததாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். "தகட்டுல என்ன நம்பர் இருந்ததுப்பா? என்ன பேர் இருந்தது?" என்று என்னைக் கேட்டார். நான் முழித்தேன்.

அப்போது அப்பா சொன்னார்: "ஐயா, எனக்கு எழுத்து தெரியாதுங்க. ஆனா முன்னாடி ரேடியேட்டருக்குக் கீழ வர்ற குறுக்குச் சட்டம் குழாய் மாதிரி இல்ல. பொட்டி மாதிரி சதுரமா இருந்தது. போல்ட் தலையில சாவி மாதிரி ஒரு எழுத்து இருந்தது. எல்லா போல்ட்லயும் இல்ல, பாதியில இருந்தது." சொல்லிவிட்டுக் கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினார். அது ஆங்கில 'எஃப்'.

வந்தவர் அங்கே கிடந்த லாரி டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அது ஃபோர்டுங்க. சண்டைக்காலத்து ஃபோர்டு" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிற்பாடுதான் நான் தேடித் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போருக்கு ஒரே வடிவத்து ஜீப்பை வில்லீஸ், ஃபோர்டு என்று இரண்டு கம்பெனிகள் செய்தன. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல். தூரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வில்லீஸின் முன் குறுக்குச் சட்டம் குழாய், ஃபோர்டுடையது சதுரம். ஃபோர்டு கம்பெனி தன் போல்ட், நட்டு, பாகங்களில் 'எஃப்' எழுத்தை அடித்தது. அப்பா சொன்ன அத்தனையும் சரி!

படிக்கத் தெரிந்த நான் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாத அவர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து இந்த விஷயம் என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

ஆறு சக்கரக் குளியல் தொட்டி

இந்த ஆண்டு ஆட்டோமொபைல் பாடத்தில் சார் ஒரு படம் காட்டினார். குளியல் தொட்டிக்கு ஆறு சக்கரம் வைத்த மாதிரி ஒரு வண்டி. வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த வண்டி நிலத்திலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும்.

1960-களில் கனடாவில் பிறந்த ஜாதி அது. ஜிகர் என்பது முன்னோடி. பிறகு ஆம்ஃபிகேட், அட்டெக்ஸ், மாக்ஸ், ஆர்கோ என்று கனடாவிலும் அமெரிக்காவிலும் வரிசையாக வந்தன. அதன் சங்கதி ரொம்ப எளிமை. சக்கரங்கள் திரும்பாது. வலது பக்கம் மூன்று சக்கரமும் ஒரு கூட்டு, இடது பக்கம் மூன்றும் ஒரு கூட்டு. ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். டாங்கி திரும்புகிற அதே முறை. இன்ஜினிலிருந்து ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் செயின் போகிறது. டயரில் காற்று இரண்டு மூன்று பவுண்டுதான். நம் கார் டயரில் முப்பது பவுண்டு வைக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பலூன் மாதிரியான அந்த டயர் சேற்றில் புதையாது. தண்ணீரில் அதுவே மிதவை, அதன் பட்டைகளே துடுப்பு. உடம்பு பிளாஸ்டிக் அல்லது ஃபைபர்.

1970-களில் அந்தக் கம்பெனிகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிவிட்டன. ஆர்கோ போல ஒன்றிரண்டு நிலைத்தன. மூடிய கம்பெனிகளின் வண்டிகள் கொட்டகைகளில் கிடந்தன. இன்று அவற்றைத் தேடி எடுத்துப் பழையபடி ஓட வைக்கிறவர்களுக்கு முதல் கஷ்டம் இன்ஜின் இல்லை. 'இது எந்த வண்டி?' என்பதுதான் முதல் கஷ்டம்!

ஏனென்றால் ஒரே மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பல கம்பெனிகள் வாங்கி மாட்டின. இடையில் வந்தவர்கள் இன்ஜினையே மாற்றிவிட்டார்கள். தகடு போய்விட்டது. அதனால் அவர்கள் உடம்பின் வளைவைப் பார்க்கிறார்கள். ஆக்ஸிலுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள். கியர் பெட்டி யாருடையது, வீல் போல்ட் எத்தனை என்று எண்ணுகிறார்கள். என் அப்பா தரையில் கரியால் வரைந்ததும் இதே வேலைதானே?

பெயரிலேயே ஜாதகம்

ஆறு சக்கரத்தில் இன்னொரு பெரிய அண்ணன் உண்டு. போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை 21,000-க்கும் மேல் தயாரான நீர்நில லாரி. சிப்பாய்கள் அதை 'டக்' என்று கூப்பிட்டார்கள். வாத்து என்பதற்காக வைத்த பேர் இல்லை அது. டி, யு, கே, டபிள்யூ என்று நாலு எழுத்துச் சங்கேதம். டி என்றால் 1942-ஆம் ஆண்டு வடிவம். யு என்றால் வண்டி இனம். கே என்றால் முன் சக்கரத்துக்கும் இழுவை உண்டு. டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு ஆக்ஸிலுக்கும் இழுவை. 1944-இல் நார்மண்டிக் கரையில் கப்பலிலிருந்து சாமானை நேராக மணலில் ஏற்றியது இதுதான். டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். நாலு எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் வண்டியின் ஜாதகமே கையில் வருகிறது. படிக்காமல் சம்மட்டி போட்டால் என்ன வரும்? எடை மட்டும்தான் வரும்.

கலைக்குண்டாவில் பார்த்த வண்டி

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன' என்று கேட்பீர்கள். கேளுங்கள், இது நம் நாட்டில் தொடங்கிய கதை.

பென் கார்லின் என்று ஓர் ஆஸ்திரேலியர். என்ஜினியர். போரின்போது இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்தார். போர் முடிந்த 1946-இல் வங்காளத்தில் கலைக்குண்டா விமானத் தளத்தில் ஒரு நீர்நில ஜீப்பைப் பார்த்தார். ஃபோர்டு கம்பெனி 1942, 43-இல் 12,000-க்கும் மேல் செய்து தள்ளிய வண்டி. கடல் அலைக்குத் தாங்காது என்று ராணுவமே கைவிட்ட வண்டி. 'இதில் உலகத்தைச் சுற்றி வரலாமே!' என்றார் கார்லின். கூட இருந்தவர்கள் நம்பவில்லை.

1947-இல் அமெரிக்காவில் ஏலத்தில் அப்படி ஒன்றை 901 டாலருக்கு எடுத்தார். பிரித்தார், டாங்கி கூட்டினார், மேலே கூண்டு கட்டினார். பல தடவை தோற்றார். 1950-இல் மனைவியோடு கனடாக் கரையிலிருந்து புறப்பட்டு அட்லாண்டிக்கைத் தாண்டினார். 1958-இல் உலகத்தைச் சுற்றி முடித்தார். நீர்நில வண்டியில் உலகைச் சுற்றியவர் என்று இன்றுவரை அவர் ஒருவரைத்தான் சொல்கிறார்கள்.

அந்த வண்டி இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில், கார்லின் படித்த பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடம் அதைப் பாதுகாக்கிறது நண்பர்களே! பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டினார். அவர் பேரில் 2015-இல் கோவையில் கார் மியூசியமே வந்துவிட்டது. புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி பின்னாளில் மூடிவிட்டது. திருவொற்றியூர் பிள்ளை மூடவில்லை. தாய் மறந்த வேலையைப் பிள்ளை ஞாபகம் வைத்திருந்தது. ஸ்பேனர் பிடித்த கையில் இருந்த ஞாபகம் அது.

சட்டத்தில் உள்ள ஓட்டை

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை அப்படிப் பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றால் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது. மூல வடிவம் மாறியிருக்கக்கூடாது.

நல்ல விதிதான். வரவேற்கிறேன். ஆனால் மூன்று கேள்வி.

ஒன்று, 20,000 ரூபாய் யாருக்கு? பங்களாவில் நாலு கார் நிறுத்தியிருப்பவருக்கு அது பெரிசில்லை. ஒரு மெக்கானிக் தன் கையால் சேர்த்துப் பூட்டிய வண்டிக்கு?

இரண்டு, இரண்டு சக்கரமும் நாலு சக்கரமும்தான் கணக்கா? நான் மேலே சொன்ன ஆறு சக்கர வண்டி இந்த விதியில் எங்கே உட்காரும்? மூன்று சக்கர டெம்போ எங்கே உட்காரும்? உழைத்த வண்டிகளுக்கு இடமில்லை, உலா போன வண்டிகளுக்கு மட்டும் இடமா?

மூன்றாவதுதான் முக்கியம். மூல வடிவம் மாறவில்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? சேஸிஸ் நம்பரும் தகடும் பழைய ஆர்.சி. புத்தகமும் வேண்டும். அவற்றைத்தான் நாம் முதலில் பெயர்த்துப் பித்தளை மூட்டையில் போடுகிறோம்! 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயதைத் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவையெல்லாம் உடைக்கும் இடத்துக்கு வரும். அவற்றோடு எதெல்லாம் கலந்து போகும் என்று யார் பார்க்கிறார்கள்?

மறுப்பவர்களுக்கு என் பதில்

'பழசு எல்லாம் புகை கக்கும், பிரேக் பிடிக்காது. போகட்டும்' என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். எல்லாப் பழைய வண்டியையும் ரோட்டில் விடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. இரும்பு உருகி மறுபடி இரும்பாவதும் நல்லதுதான். எங்க வீட்டு அடுப்பே அதில்தான் எரிகிறது. உடைக்காதே என்பது என் கட்சி இல்லை. உடைக்கும் முன் படி என்பதுதான் என் கட்சி. நம்பரைப் படித்தால் திருட்டு வண்டி எது என்பதும் தெரிந்துபோகும். அது கடைக்காரருக்கும் பாதுகாப்பு.

'இது சோறு போடுமாடா?' என்று அப்பாவே கேட்டார். நியாயமான கேள்வி. நேராகச் சோறு போடாது அப்பா. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் 'பேரிங் எப்படிக் கெடும்' என்று கேட்டால், புத்தகத்தில் படித்தவன் நாலு பாயிண்ட் சொல்வான். துருப்பிடித்த பேரிங்கைக் கழட்டிக் கையில் வைத்துப் பார்த்தவன் அந்தச் சத்தத்தையே சொல்வான். விரிசல் விட்ட தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ, விரிசல் முடிகிற நுனியில் சின்ன துளை போட்டால் அது மேலே ஓடாது. இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்தேன். ஒரு மக்கார்டில் போட்டுப் பார்த்த பிறகு மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1 நம் ஊர் மறக்க முடியாத நாள். ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரம் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அதே நேரத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரை ஊர்கள் எல்லாம் வெள்ளம். ஓர் ஆறு சக்கர வண்டி இருந்திருந்தால் அந்த ஏழு பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மண் சரிவு வேறு, வெள்ளம் வேறு. ஆனால் தண்ணீர் சூழ்ந்த தெருவுக்குப் பாலும் மருந்தும் கொண்டுபோக அப்படிப்பட்ட வண்டி உதவும். 2025 ஆகஸ்டில் பஞ்சாப் வெள்ளத்தில் நம் ராணுவம் 'ஏட்டர்' என்ற பெரிய டயர் நீர்நில வண்டியை இறக்கி ஜனங்களை மீட்டது. அது நாலு சக்கரம், ஆனால் குறைந்த காற்று, மிதக்கும் டயர் என்ற அதே பழைய யோசனை! அறுபது வருஷத்துக்கு முந்திய குளியல் தொட்டியைப் பார்த்து நாம் சிரித்தோமே, அது சிரிக்கிற விஷயமா?

பேரவைக்கு என் வேண்டுகோள்

நம் ஒர்க்‌ஷாப் பின்னால் 'கண்டம்' செய்த சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. நம் சீனியர்கள் பிடித்துப் பழகிய மெஷின்கள். ஏலம் வந்தால் ஒரே நாளில் லாரியில் ஏறிவிடும். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

முதலாவது, ஏலத்துக்கு முன் ஒரு வாரம் அவற்றை மாணவர்களிடம் விடுங்கள். ஒவ்வொன்றின் தகட்டையும் படித்து எழுதுவோம். தேய்ந்த எழுத்தின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வயர் பிரஷ், எமரித் தாள், பெயிண்ட் மூன்றையும் நம்பர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. டீசலில் நனைத்த துணி போதும்.

இரண்டாவது, வருஷத்துக்கு ஒரே ஒரு இன்ஜினை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எடுத்து ஓட வைப்போம். பிரித்த வரிசைப்படி படம் வரைவோம். புது பெயிண்ட் கடைசி வேலை. முதல் வேலை கையால் கிராங்கைச் சுற்றிப் பார்ப்பது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற அவமானமும் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, ஊரில் உள்ள மெக்கானிக் அண்ணன்களையும் உடைக்கிறவர்களையும் வருஷத்துக்கு ஒரு நாள் நம் வகுப்புக்குக் கூப்பிடுவோம். அவர்களுக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்வோம். அவர்களுக்கு எழுதத் தெரியாது; நமக்குத் தெரியும். நமக்குப் பார்க்கத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அதுதான் தொழில்நுட்பக் கல்வி.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், வந்த வண்டி, மோட்டார், ஆயில் இன்ஜின் எல்லாவற்றின் நம்பரையும் எழுதுகிறேன். இருபத்தி மூன்று பக்கம் நிறைந்திருக்கிறது. முதலாளி முதலில் முறைத்தார். இப்போது 'படிப்பாளி வந்துட்டான், பத்து நிமிஷம் நிறுத்துங்கப்பா' என்கிறார். அப்பா தகடுகளைப் பால் பவுடர் டப்பாவில் தனியாக எடுத்து வைக்கிறார். எடைக்குப் போகும் முன் நான் படித்துச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே ஆங்கில எழுத்து 'எஃப்'. மற்றதையும் சொல்லிக் கொடுடா என்று போன வாரம் கேட்டார்.

நண்பர்களே, அந்த ஜீப்பை இனி யாராலும் ஒட்ட முடியாது. அடுத்து வருகிற வண்டிக்கு நம்மிடம் பத்து நிமிஷம் இருக்கிறது.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன், வேங்கிக்கால்.